ஸ்கேன் அறை அம்மணிக்கும், முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

கோவையில் நாற்பது வருடமாகத் தங்க வேலை செய்கிறவன் நான். வலது கண்ணில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை நடந்து இந்த வாரத்தோடு ஆறு மாதம் ஆகிறது. டாக்டருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். நேரில் சொல்ல வழியில்லாதவர்களும், சொன்னால் "இது என் வேலைதானுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டவர்களும் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்காக.

எனக்கு வந்தது ஃபுக்ஸ் என்ற நோய். கருவிழியின் உள்பக்கம் ஒற்றை வரிசையாகச் செல்கள் பரவியிருக்கும். கருவிழிக்குள் ஊறும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. அந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. எனக்கு அவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ராத்திரி கண் மூடியிருக்கும்போது ஈரம் ஆவியாகாது என்பதால் காலையில் கருவிழி நன்றாக வீங்கியிருக்கும். எழுந்தால் மார்கழிப் பனிக்குள் நிற்பது போல இருக்கும், பதினொரு மணிக்கு மேல்தான் கொஞ்சம் விலகும். அதனால் கல் பதிக்கும் வேலையை எல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தேன். அப்புறம் மத்தியானமும் போனது. ஊதுகுழல் நெருப்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்த இடத்தில் இரண்டு முறை கண்ணாடி பவரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் அப்படியே போயிற்று.

பிறகு போன மருத்துவமனையில்தான் கருவிழியின் கனத்தை அளந்தார்கள். சாதாரணமாக நடுவில் 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுமாருக்கு இருக்க வேண்டியது எனக்கு 680 இருந்தது. செல்களைப் படமெடுக்கும் ஸ்பெக்குலர் கருவியில் மூன்று முறை முயன்றும் திரையில் சாம்பல் நிறம்தான் வந்தது. வீங்கின கருவிழி வழியே உள் அடுக்கு படத்தில் விழாது என்று சொன்னார்கள்.

கருவிழி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை, உள்படலத்தை மட்டும் மாற்றினால் போதும், டிமெக் என்று பேர் என்றார் டாக்டர். அந்தப் படலத்தின் கனத்தைக் கேட்டேன். பத்து, பதினைந்து மைக்ரான் என்றார். எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்தது. நாங்கள் தகட்டை அடித்து அடித்து நூறு மைக்ரானுக்குக் கொண்டு வந்தாலே கையில் எடுக்கப் பயப்படுவோம். அதில் ஏழில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு! அதற்குத் தையலும் கிடையாது. நீலச் சாயம் ஏற்றி, சுருளாகக் கண்ணுக்குள் விட்டு, விரித்து, அடியில் வாயுக் குமிழி வைத்து மேலே ஒட்ட வைக்கிறார்கள். குமிழி மேல்நோக்கித்தான் போகும் என்பதால் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். நான் படுத்திருந்தேன். கண்புரையையும் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

இனி அம்மணி, உங்களைப் பற்றி.

நான்காம் நாள் உங்கள் அறைக்கு வந்தேன். வெளியே பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணின் உள் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி கருவியில் தாடையை வைத்தேன், "சிமிட்டாதீங்கய்யா" என்றீர்கள், முடிந்தது. எழுந்துவிட்டேன். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். "அய்யா, இன்னொருக்கா உக்காருங்க, கீழ்ப்பக்கம் இமை மறைச்சிருக்கு" என்றீர்கள். என்னை மேலே பார்க்கச் சொல்லி, கண் உருண்டையில் துளியும் அழுத்தம் படாமல், கீழ் இமையை எலும்பின் மேல் வைத்துப் பிடித்து இழுத்தீர்கள். அப்படி ஒரு கையை நான் பட்டறையில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, நான்கு படம். கதவைத் தட்டிய ஒருவரிடம் "ரெண்டு நிமிஷம்" என்றீர்கள், குரல் ஏறவில்லை.

அந்தப் படத்தை டாக்டர் எனக்குக் காட்டினார். கறுப்புத் திரையில் பிறை மாதிரி வளைந்த வெள்ளைப் பட்டை, அதுதான் என் கருவிழி. அதன் அடியில் இழை போல ஒரு கோடு, அது வந்து ஒட்டிய படலம். நடுவில் இரண்டும் ஒன்றாக இருந்தன. கீழ் ஓரத்தில் கோடு விலகித் தொங்கியது, நடுவே கறுப்பு இடைவெளி. எங்கள் தொழிலில் இரண்டு துண்டை ஒட்டப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதும்போது சில சமயம் மேலே பார்க்கப் பற்று பிடித்த மாதிரியே இருக்கும், அடியில் பொடி ஏறாத இடுக்கு ஒன்று நிற்கும். அதைக் கவனிக்காமல் மெருகேற்றி அனுப்பினால் என்றைக்காவது விட்டுக்கொள்ளும். எனக்கு அந்தப் படம் அப்படியே புரிந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகிவிட்டது, காத்திருக்க வேண்டாம் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் மறுபடி குமிழி ஏற்றினார்கள். பத்து நிமிட வேலைதான். எட்டாம் நாள் படத்தில் இடைவெளி இல்லை.

முதல் படத்தோடு என்னை நீங்கள் அனுப்பியிருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்கப் போவதில்லை. நடுப்பகுதி அதில் தெளிவாகத்தானே இருந்தது. இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கண் வங்கியில் இருப்பவர்களுக்கும் என் கும்பிடு. எனக்கு வைப்பதற்கு முன்பே அந்தக் கருவிழியைப் படமெடுத்துச் செல்களை எண்ணியிருக்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 2,600 என்று சீட்டில் எழுதியிருந்தது. யாரோ ஒருவர் எந்த நேரத்திலோ வண்டியை எடுத்துக்கொண்டு, அழுகிற வீட்டுக்குள் போய், பக்குவமாகப் பேசி, எடுத்து வந்திருக்கிறார். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியம் அது.

அந்த வீட்டாருக்கு நான் என்ன எழுதுவது? யார் என்று சொல்லமாட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை. எழுபது தாண்டியவர் என்பது மட்டும் தெரியும். வயதானவர்கள் கண் எதற்கு உதவும் என்று நானே ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். இந்த ஆபரேஷனுக்கு வயதானவர்களின் படலம்தான் தோது என்றார் டாக்டர், சிறுவயதுக்காரர்களுடையது இறுகச் சுருண்டுகொள்ளுமாம், விரிப்பது கஷ்டமாம். அன்றைக்கு உங்கள் வீட்டில் யாரோ, கண் காய்ந்துவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தியிருப்பீர்கள். தலைக்கு அடியில் தலையணை வைத்து, மூடிய இமை மேல் ஈரப் பஞ்சு வைத்திருப்பீர்கள். உறவுக்காரர்கள் ஏதாவது பேசியிருக்கவும் கூடும். அத்தனைக்கும் நடுவில் கண் வங்கிக்கு அந்தப் போனைச் செய்த கை யாருடையதோ, அது நன்றாக இருக்கட்டும்.

மல்லாந்து படுத்திருந்த நாட்களில் மகன் வாசித்துக் காட்டுவான். கருவிழி மாற்று முதன்முதலில் கைகூடியது 1905 டிசம்பர் 7ஆம் தேதி, இப்போதைய செக் நாட்டில் உள்ள ஒலமோட்ஸ் ஊரில். செய்தவர் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன கூலித் தொழிலாளிக்குக் கருவிழி தந்தது, உலோகத் துண்டு குத்திக் கண்ணை இழந்த பதினொரு வயதுப் பையன். உலோகத் துண்டு என்றதும் மகன் சற்று நிறுத்தினான், பட்டறையில் வளர்ந்தவன் அவன். நம் எழும்பூர் கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையா 1948இல் செய்தார். அன்றைக்கெல்லாம் உள்ளே ஒட்டியதா என்று பார்க்க இப்படிப் படம் கிடையாது. தொடாமல், வெறும் ஒளியை வைத்துக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓசிடி வந்ததே 1991இல்தான்.

ஆட்டோக்காரத் தம்பிக்கு: பின் சீட்டில் என்னைப் படுக்க வைத்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி ஏற்றினீர்கள், மறக்கமாட்டேன். பக்கத்துப் பட்டறை மாப்பிள்ளை என் மூன்று ஆர்டரை முடித்துக் கொடுத்து, கூலியைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவிக்கு மடலில் எழுதினால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து என்றார்கள், அவள் கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்ததே இல்லை, மணியாகும்போது வந்து நிற்பாள்.

போன வாரம் ஸ்பெக்குலர் படம் எடுத்தபோது நீங்கள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள், அம்மணி. தேன்கூடு போல ஆறு பக்கச் செல்கள், சன்ன வேலைப்பாடு. எண்ணிக்கை 1,740. முதல் ஆறு மாதத்தில் குறைவது சகஜம், இனி மெதுவாகத்தான் குறையும் என்றீர்கள். கனம் 528. முன்பு சாம்பலாக மட்டும் தெரிந்த அதே திரையில், யாரோ ஒரு பெரியவருடைய செல்கள் எனக்காக நீரை இறைத்துக்கொண்டு இருந்தன. பேச வரவில்லை, அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இடது கண்ணுக்கு ஆடி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் அந்த அறையில் நீங்களே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செல்வபுரத்திலிருந்து ஒரு நகை ஆசாரி