காட்டுக்குள் பாதை எதற்கு?

டர்பன், தென்னாப்பிரிக்கா
ஆடி மாதம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்கு உடனே பதில் போட்டிருக்க வேண்டும், கோயில் வேலை குறுக்கே வந்துவிட்டது. ஆடி வந்தால் இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், தெரியும்தானே. பெரியவளுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"காட்டைக் காடாக விட்டுவிடுவதுதானே நியாயம், நீங்கள் ஏன் மண்வெட்டியோடு போய் பாதை போடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் ஒன்று: பாதை பராமரிக்கும் எங்கள் குழு புதுப் பாதை போடுவதில்லை. இருப்பதைத்தான் காப்பாற்றுகிறோம். டிராகன்ஸ்பர்க் மலைக்கு நீ வந்தால் அதன் காரணம் கண்ணுக்கே தெரியும். புல்வெளிச் சரிவில் ஒற்றையடிப் பாதை மழையில் அரித்து, முழங்கால் ஆழத்துக்குக் குழியாகிவிடும். அதற்குள் நடக்க யாருக்குப் பிடிக்கும்? பக்கத்துப் புல்லில் ஏறி நடப்பார்கள். அந்தத் தடமும் நாளடைவில் அரித்துக் குழியாகும். அப்புறம் மூன்றாவது தடம். ஒரு ஆள் நடக்க வேண்டிய இடத்தில் நாலைந்து தடங்கள் மலையைக் கீறிக்கொண்டு போகும். அங்கே புல் திரும்பி வரப் பல வருஷம் ஆகும். ஆட்கள் வருவதை நிறுத்த முடியாது சேகர். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த மலை அது, எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நல்ல பாதை ஒன்று இருந்தால் அத்தனை கால்களும் ஒரே கோட்டில் போகும், இரண்டு பக்கமும் மற்ற உயிர்களுக்கு மிஞ்சும். பாதை காட்டுக்கு எதிரி என்று நீ நினைக்கிறாய். கவனிக்காமல் விட்ட பாதைதான் எதிரி என்பேன் நான்.

நாங்கள் அடிக்கடி போவது அவ்வளவு தூரம் இல்லை. டர்பனிலிருந்து மேற்கே, குளூஃப் ஊரை ஒட்டி கிரான்ட்ஸ்குளூஃப் என்ற காப்புக்காடு இருக்கிறது. மணற்பாறைச் செங்குத்துகளும் அருவியும் அடர்ந்த சோலையும் உள்ள ஆழமான பள்ளத்தாக்கு. 2022 ஏப்ரல் மழை உனக்கு ஞாபகம் இருக்கும், சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. நானூறுக்கும் அதிகமான பேர் இறந்துபோனார்கள். வீடும் பாலமும் அடித்துக்கொண்டு போன ஊரில் காட்டுப் பாதையை யார் கவனிப்பார்கள், யாரிடம் போய்க் கேட்பது? அதன் பிறகுதான் எங்கள் குழுவுக்கு ஆள் சேர்ந்தது. டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வருகிறவர்கள், ஜூலு இளைஞர்கள், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர். காட்டு அதிகாரி எந்த இடம் என்று சொல்வார். அவர் சொல்லாத இடத்தில் ஒரு கிளையைக்கூட வெட்ட மாட்டோம்.

வேலை என்றால் முக்கால்வாசி தண்ணீரோடுதான். பாதையின் குறுக்கே கல் பதிப்போம், நேர் குறுக்காக இல்லை, கீழ்ப்பக்கம் சாய்ந்த கோணத்தில். மேலிருந்து பாதை வழியே ஓடிவரும் தண்ணீர் கல்லில் மோதித் திரும்பி, ஓரமாக வழிந்து புதருக்குள் போய்விட வேண்டும். கல்லை மண்ணில் வைத்தால் போதாது. மூன்றில் இரண்டு பங்கு புதைய வேண்டும். கடப்பாரையால் குழி தோண்டி, கல்லை இறக்கி, பொடிக்கல் போட்டு இடித்து, அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்ப்போம். துளி ஆடினாலும் பிடுங்கி மறுபடி வைக்க வேண்டும். கடைசியில் தண்ணீர் வெளியேறும் வாயைத் திறந்துவிட வேண்டும். அந்த வாய் சருகும் வண்டலும் அடைத்துக்கொண்டால் அத்தனை உழைப்பும் வீண். அதனால்தான் ஒரு தடவை செய்துவிட்டு வர முடியாது, மழைக்காலம் முடிந்ததும் திரும்பப் போய்த் தூர்வார வேண்டும். இங்கே மழை கோடையில்தான், அக்டோபரிலிருந்து மார்ச் வரை. இப்போது குளிரும் வறட்சியும், எங்களுக்கு நல்ல வேலைக்காலம்.

பாதை எவ்வளவு செங்குத்தாக ஏறலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மலைச்சரிவின் செங்குத்தில் பாதிக்கு மேல் பாதை ஏறக்கூடாது. அதை மீறினால் தண்ணீர் பக்கவாட்டில் இறங்காமல் பாதையையே ஓடையாக்கிவிடும். அதனால்தான் வளைந்து வளைந்து போட்டிருப்பார்கள். அவசரக்காரர்கள் வளைவைக் குறுக்கே வெட்டி இறங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் குறுக்குவழிகளை முள்ளும் விழுந்த கிளையும் போட்டு மறைத்துவிடுவோம்.

மிச்ச நேரம் களையோடு. உண்ணிச்செடி இங்கேயும் உண்டு, பாதை ஓரத்தில் வெளிச்சம் பட்டால் போதும், மண்டிவிடும். சுண்டைக்காய்ச் செடி மாதிரி கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் இன்னொன்று இருக்கிறது, பக்வீட் என்பார்கள். அதன் இலையில் உள்ள சுணை தொண்டையில் போனால் இருமல் நிற்காது, முகமூடி கட்டிக்கொண்டுதான் வெட்டுவோம். வெயில் காய்கிற பாதையில் பஃப் ஆடர் என்ற விஷப் பாம்பு படுத்திருக்கும். ஆள் வந்தாலும் நகராது, ஆகவே முன்னால் போகிறவர் கண்ணைத் தரையில் வைத்திருப்பார். சில நாள் புதருக்குள் கம்பிக் கண்ணி கிடைக்கும், மான் பிடிக்க யாரோ வைத்தது. அதைச் சுருட்டி எடுத்து வந்து அதிகாரியிடம் கொடுக்கும்போது மனசு கனத்துப்போகும்.

சீகை மரத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதே ஆஸ்திரேலியச் சீகைதான் இங்கும், வாட்டில் என்பார்களே அது. 1864இல் நட்டாலுக்கு, அதாவது எங்கள் இந்தப் பகுதிக்கு, வந்தது, தோல் பதனிடும் பட்டைக்காகத் தோட்டம் தோட்டமாகப் பெருகியது. இன்று ஓடைக்கரை எல்லாம் அதுதான், தண்ணீரை உறிஞ்சுகிறது. 1995 முதல் வேலையில்லாதவர்களைக் கூலிக்கு வைத்து இம்மாதிரி மரங்களை அரசு வெட்டி வருகிறது. தண்ணீருக்காக உழைப்பது என்றே அந்தத் திட்டத்துக்குப் பெயர். நல்ல திட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். வெட்டிய இடத்தில் மண்ணுக்குள் கிடக்கும் விதை வருஷக்கணக்காக முளைத்துக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் சீகையை அகற்றிய இடங்களில் அந்த நாற்றுகளை என்ன செய்கிறார்கள்? கையால் பிடுங்குகிறார்களா, சோலை மரம் நட்டு நிழல் ஏற்றுகிறார்களா? போய்ப் பார்த்து விவரமாக எழுது. எங்கள் ஆட்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

அடுத்த ஜூலையில் வருவதாகச் சொன்னதை மாற்றிவிடாதே. கணுக்கால் மறைக்கும் ஷூ வாங்கிக்கொள், கையுறை நான் தருகிறேன். தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ரவி