ஹெல்மெட் சலுகை நமக்கு வேண்டாம்

மெய்யம்மைக்கு, அப்பச்சி எழுதுவது.

நீ மோட்டார் சைக்கிள் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டதிலிருந்து, உன்னைப் போனில் திட்ட முடியாததையெல்லாம் உன் ஆத்தா என் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறாள். காரைக்குடியில் ஸ்கூட்டி ஓட்டினாளே அது போதாதா, அமெரிக்காவில் போய் கியர் வண்டி எதற்கு என்கிறாள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. வண்டி வாங்குவதற்கு முன்னால் வகுப்புக்குப் போகிறாய் பார், அது பிடித்திருக்கிறது. டெக்சாஸில் வகுப்பு முடிக்காமல் லைசென்ஸே கிடையாது, அதனால்தான் போகிறாய் என்றாலும் சரி.

நம்மூரில் யார் வகுப்புக்குப் போய்ப் பழகினார்கள்? அண்ணனோ மாமாவோ பின்னால் உட்கார்ந்து கண்மாய்க்கரையில் ரெண்டு நாள் ஓட்டவிடுவார்கள், அப்புறம் ஆர்டிஓ ஆபீஸில் காலை ஊன்றாமல் எட்டு போட்டால் முடிந்தது. எட்டு போட்டால் பேலன்ஸ் தெரியும், வேகத்தில் வரும்போது சட்டென்று நிறுத்தத் தெரியுமா என்று யார் பார்க்கிறார்கள்? ஹாரி ஹர்ட் என்கிற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டு ஆட்கள், சிநேகிதர்களிடமோ ஓட்டப் பழகியவர்களாம். ஆகவே நான் இனிமேல் எழுதுவதற்கும் வாத்தியார் சொல்வதற்கும் முட்டினால் வாத்தியார் சொல்வதையே கேள்.

முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி எறிந்துவிடும் என்று இங்கே எல்லாரும் பயந்து காலாலேயே மிதிக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்தில் இறங்கி, பின் சக்கரம் லேசாகிவிடும், அதை மட்டும் மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர வண்டி நிற்காது. நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெதுவாக, எடை இறங்க இறங்க அழுத்தமாக, காலையும் கூடவே சேர்த்து. இதெல்லாம் வண்டி சாயாமல் நேராகப் போகும்போதுதான். கானாடுகாத்தான் பக்கம் ரோட்டோரம் சரளை சிதறிக் கிடக்குமே, அப்படி ஒரு வளைவில் சாய்ந்தபடி முன் பிரேக்கைப் பிடித்து விழுந்து எழுந்தவர்கள்தான் அந்தக் கதையைக் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம் கண். குன்றக்குடி ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால், ஆட்டையே பார்த்துக்கொண்டு போகிறவன் ஆட்டின் மேல்தான் போய் விடுவான். பக்கத்தில் இருக்கிற வழியைப் பார், வண்டி தானாக அங்கே போகும்.

அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். கூட்டத்தில் பயமில்லை, முன்னால் போகிற வண்டியைப் பார்த்துப் போய்விடுவாய். பெட்ரோல் போட்டுவிட்டுக் காலி ரோட்டில் ஏறும்போதுதான் பழைய பழக்கம் இடது பக்கம் இழுக்கும். எதிரே வருகிற கார் உன் முன்னால் இடது பக்கம் திரும்புகிறதா என்று எந்த ஜங்ஷனிலும் பார். ஓட்டுகிறவன் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கும், பார்த்திருக்க மாட்டான்.

இன்னொன்றைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் போயிற்று. உங்கள் டெக்சாஸில் 21 வயது ஆனவர்கள் இந்த வகுப்பை முடித்தாலோ, மருத்துவ இன்சூரன்ஸ் வைத்திருந்தாலோ ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாமாம்! பாதுகாப்பு வகுப்பில் தேறியதற்கு இதுவா பரிசு? நம்ம பையன்களாவது போலீஸைப் பார்த்ததும் ஹேண்டில்பாரில் தொங்குவதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை உனக்கு வேண்டாம். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாமல் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே.

வண்டி பார்க்கும்போது பெரிய சிசிக்கு ஆசைப்படாதே, ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேள், பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம், அங்கே கட்டாயம் இல்லை.

ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ், இதற்கெல்லாம் நான் பணம் போடுகிறேன். வண்டியை உன் சம்பளத்தில் வாங்கிக்கொள். ஆத்தா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், அவள் முழுசாகப் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

அப்பச்சி