அந்தக் கரண்டு எங்கிருந்து வரும்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உலகத் தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய சென்ற இதழ்த் தலையங்கத்தில், "கடல் இருக்கும்வரை தண்ணீருக்குக் கவலையில்லை" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கடல்நீரில் உப்பை நீக்க மின்சாரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடல்நீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. முறையில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை ஆகும். அந்தக் கரண்டு நிலக்கரியிலிருந்து வந்தால், மழையைக் குலைக்கிற சூட்டைத்தானே மேலும் கூட்டுகிறோம்? இதைப் பற்றித் தலையங்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நான் அனல் மின் நிலையத்தில் குளிர்விப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறையும், இருப்பதும் சூடேறிவிடும். டர்பைனைச் சுழற்றிய நீராவியை அந்தத் தண்ணீரால் குளிர்விக்கும் கன்டென்சரில் வேக்குவம், அதாவது வெற்றிடம், குறைந்து மின் உற்பத்தி விழும். லோடை, அதாவது உற்பத்தி அளவை, குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். ஊரே ஏசிக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் கேட்கிற அதே நேரத்தில்தான் இது நடக்கும். 2003இலும் 2022இலும் ஆறுகள் சூடேறியதால் பிரான்ஸில் சில அணு மின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைத்தன. 2024இல் ஆப்பிரிக்காவில் நீர்மின்சாரம் தரும் கரிபா அணையில் தண்ணீர் மிகவும் குறைந்து, ஜாம்பியா மக்கள் நீண்ட மின்வெட்டில் தவித்தார்கள். அதெல்லாம் உங்கள் பத்திரிகையில் துணுக்குச் செய்தி.

2014 உலகத் தண்ணீர் தினத்துக்கு ஐ.நா. வைத்த கருப்பொருளே தண்ணீரும் ஆற்றலும்தான். அப்போது இதையெல்லாம் விரிவாக எழுதி அனுப்பினேன். குழாயை இறுக மூடுங்கள் என்ற கடைசி வரியை மட்டும் அச்சிட்டீர்கள். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. உலகம் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, அதை மேலே கொண்டுவர மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். நீங்களோ பல் துலக்குகிறவரையே திரும்பத் திரும்பக் கண்டிக்கிறீர்கள். காற்றாலைக்கும் சோலார் பேனலுக்கும் அனல் நிலையம் போலக் குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை. எந்த மின்சாரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் தண்ணீர்ப் பிரச்சினைதான். இதை உங்களைப் போன்ற பத்திரிகை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

கடல்நீர் ஆலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு வழியில்லாத இடத்தில் மக்கள் குடிக்க வேண்டுமே. இனி அத்தகைய ஆலை பற்றிச் செய்தி போடும்போது, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட், அது எந்த எரிபொருளில் கிடைக்கிறது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பல ஆண்டு வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் நிலைய ஊழியர்