'கால் ஆஃப்' என்றால் ஒத்திவைப்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை தங்கள் நாளிதழுடன் வந்த மாணவர் இணைப்பில், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கான ஆங்கிலப் பகுதியில், "புட் ஆஃப், கால் ஆஃப் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ஒத்திவைத்தல். எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்று கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டம்தான் என்னை எழுத வைத்தது. பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் வந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். கட்டத்துக்குள் இருப்பதைத்தான் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

'புட் ஆஃப்' என்றால் இன்று நடக்கவேண்டியது வேறொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' என்றால் நடக்கப்போவதில்லை, அவ்வளவுதான். மழையால் 'கால்ட் ஆஃப்' ஆன கிரிக்கெட் ஆட்டத்தைத் தங்கள் விளையாட்டுப் பக்கம் 'கைவிடப்பட்டது' என்று சரியாகவே எழுதுகிறது. வேலைநிறுத்தம் 'கால்ட் ஆஃப்' என்று செய்தி நிறுவனம் அனுப்பினால் தங்கள் முதல் பக்கம் 'வாபஸ்' என்று தலைப்புப் போடுகிறது. இணைப்பைத் தயாரிக்கும் அன்பர் தங்கள் நாளிதழை வாசிப்பதில்லை போலும்.

இதை ஒரு வாத்தியாரின் இலக்கணச் சச்சரவு என்று அலுவலகத்தில் யாரேனும் சிரிக்கக்கூடும். என்னிடம் படித்த ஒரு பையன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன், ஒரு தொழிற்சாலையின் நேர்காணலுக்குக் கிளம்ப இருந்த சமயத்தில், நேர்காணல் 'கால்ட் ஆஃப்' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, புதிய தேதி இன்று வரும் நாளை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்ததோடு, இடையில் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கூப்பிட்டதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டான். "இன்னும் தேதி போடவில்லை சார்" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அதை வாசித்து அவனுக்குப் பொருள் சொல்லவேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. ஒத்திவைப்பு என்று எதில் படித்தாய் என்று கேட்டேன். கடையில் விற்கும் ஒரு கைடின் பெயரைச் சொன்னான். இனிமேல் அப்படிக் கேட்டால் தங்கள் நாளிதழின் பெயரையும் சொல்வார்கள்.

அந்த இணைப்பின் மீதுள்ள மனக்குறை இந்தக் கட்டத்தோடு தொடங்கியதும் அல்ல. கடந்த ஆண்டு 'ஹீ டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்' என்ற வாக்கியத்துக்கு 'அவன் தன் தந்தையைக் கவனித்துக்கொள்கிறான்' என்று பொருள் போட்டிருந்தீர்கள். கவனித்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர்'. 'டேக் ஆஃப்டர்' என்றால் அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று பொருள். பெற்றவரைத் திரும்பிப் பார்க்காத பிள்ளையும் அவரை உரித்து வைத்திருக்கலாம். அதற்கும் முன்பு, 'ஆஃப்' என்று வந்தாலே 'நின்றுபோதல்' என்று ஒரு சூத்திரம் தந்திருந்தீர்கள். விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, சரி. ஆனால் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது. குண்டு 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது. பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப்போயிற்று. தங்கள் சூத்திரத்தை நம்பிய மாணவன், சந்தையில் வெடித்த குண்டு செயலிழந்துவிட்டது என்று நிம்மதியாக மொழிபெயர்த்துவிட்டு வருவான்.

அப்போதும் ஓர் அஞ்சலட்டை எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அதே வாரத்தில், ராசிபலனில் தனுசும் மகரமும் இடம் மாறிப்போனதற்கு மனமார்ந்த வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. மகர ராசிக்காரர்களுக்குக் கிடைக்கும் மரியாதை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கலாகாதா என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

இந்த வினைகள் பிறமொழியினரைத் திணறடிக்கும் என்பது ஆங்கிலேயருக்கே தெரிந்த சங்கதி. 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், 'செட் இன்', 'செட் அவுட்' போன்றவற்றை எடுத்துக்காட்டி, வினையின் பின்னால் ஒட்டும் இந்தச் சின்னஞ்சிறு சொல்லால் வெளிநாட்டார் பெரும் சிரமத்துக்கு உள்ளாகிறார்கள் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நம் கைடுகளும் தங்கள் இணைப்பும் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு பொருள் என்று இரண்டு பத்தியில் முடித்துவிடுகின்றன. விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில், 'ஹீ வாஸ் புட் அவுட் பை தி ரிமார்க்' என்ற வாக்கியத்துக்கு 'அவர் மனம் கசந்தார்' என்ற பொருளில் ஒரு பெண் சரியாக எழுதியிருந்தாள். கீயில் 'புட் அவுட்' என்றால் 'அணைத்தல்' என்று மட்டுமே இருந்தது. முதன்மைத் தேர்வாளரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "கீயில் இல்லை சார், விடுங்கள்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் அணைந்துபோனார் என்று எழுதியிருந்தால் அவளுக்கு மதிப்பெண் விழுந்திருக்கும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது அப்படியொன்றும் அரிய காரியம் அல்ல. எழுதி வை, எழுதிப் பார், எழுதிக் கொடு, எழுதித் தள்ளு என்று துணைவினையை மாற்றி மாற்றி ஒரே வினையிலிருந்து வேறு வேறு பொருளை எடுப்பது நமக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். எழுதித் தள்ளினான் என்றால் தாளைப் பிடித்துத் தள்ளினான் என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. வகுப்பில் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அதன் பிறகு, 'புட் இட் ஆஃப்' என்று நடுவில் 'இட்' நுழையலாம், 'புட் ஆஃப் இட்' என்று கடைசியில் வரலாகாது, 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதிலோ நடுவில் எதுவும் நுழைய முடியாது என்பதையெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். வாக்கியம் இல்லாத பட்டியலில் இவற்றுள் எதுவும் இல்லை. விளம்பரத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்க முடிகிற இணைப்பில், ஒரு வினைக்கு ஒரு வாக்கியம் வைக்க இடமில்லை என்று சொன்னால் நான் நம்பியாக வேண்டுமா?

தங்களிடம் நான் கேட்பது மிகச் சிறிய உதவி. வரும் புதன்கிழமை, அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில், 'புட் ஆஃப்' ஒத்திவைத்தல் என்றும், 'கால் ஆஃப்' ரத்து செய்தல் அல்லது கைவிடுதல் என்றும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் திருத்தம் வெளியிடுங்கள். பிள்ளைகள் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிக்கொள்ளட்டும். வாக்கியம் எழுத ஆள் இல்லையென்றால் தெரிவியுங்கள், நானே எழுதி அனுப்புகிறேன். சன்மானம் வேண்டாம், அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை என் கண்ணில் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை.