நெடுஞ்சாலையில் யோசித்தவை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த வயதில் சென்னையிலிருந்து கோவில்பட்டி வரை தனியாகக் காரோட்டிக்கொண்டு போவானேன், நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாமே என்று உன் கடிதத்தில் கடிந்திருந்தாய். அம்மாவை அழைத்துவரக் கார் தேவைப்பட்டது என்பது வீட்டில் நான் சொன்ன காரணம். வழியில் கிடைக்கும் அந்த நீண்ட பகல்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ரயிலில் எனக்கு யோசனை ஓடுவதில்லை. கை சும்மா இருந்தால் அது கைப்பேசியைத் தேடிப் போய்விடுகிறது. காரிலோ கையும் காலும் கண்ணும் தத்தம் வேலையில் இருக்க, மனம் மட்டும் மிச்சப்படுகிறது. தோன்றியதைக் குறித்துவைக்கவும் முடியாது, உடனே யாரையும் அழைத்துச் சொல்லவும் முடியாது என்பதால் ஒரே விஷயம் மீண்டும் மீண்டும் வந்துபோகிறது. அப்படி வரும்போது அதில் நம் கோபம் எவ்வளவு, உள்ளபடியே இருப்பது எவ்வளவு என்று பிரிந்து தெரிகிறது.

எண்பதுகளில் நாம் திருவள்ளுவர் பேருந்தில் ஊருக்குப் போன அந்தப் பழைய இருவழிச் சாலையில், எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கியும் ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் புகுந்து வெளியேறியும் ஓட்டிய ஓட்டுநருக்கு இப்படி யோசிக்க நேரம் ஏது? போகும் வண்டியையும் வரும் வண்டியையும் பிரித்துவைத்த நடுத்தடுப்புதான் நமக்கு இதைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். அதில் வரிசையாக அரளி வைத்திருப்பதும் வெறும் அழகுக்காக அல்ல. இரவில் எதிர்வண்டியின் விளக்கொளி கண்ணில் அடிக்காமல் அது மறைக்கிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு சுங்கச்சாவடியில் சில்லறைக்காகத் தகராறு செய்வதும் போயிற்று. (கட்டணம் மட்டும் குறைந்தபாடில்லை.)

செங்கல்பட்டு தாண்டும் வரை சென்னை நம்மை விடாது. உளுந்தூர்பேட்டையில் சேலம் போகிற வண்டிகள் பிரிந்ததும் சாலை சற்றுக் காலியாகும். எனக்குப் பிடித்தது திருச்சிக்குத் தெற்கே, துவரங்குறிச்சியிலிருந்து மேலூர் வரை, மொட்டைப் பாறைக் குன்றுகள் கூடவே வரும் பகுதி. சென்னைக்கு வரவே மாட்டேன் என்று அம்மா ஓராண்டாகப் பிடித்த பிடிவாதத்தை நான் முதன்முறையாகக் கோபமில்லாமல் எண்ணிப் பார்த்தது அங்கேதான். அவர் வேண்டாம் என்றது சென்னையை அல்ல, தன் கைக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத ஓர் அடுப்படியை. ஊர் போய்ச் சேர்ந்ததும் நான் வாதாடவே இல்லை. அஞ்சறைப்பெட்டியையும் அரிவாள்மனையையும் எடுத்து டிக்கியில் வைத்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தார்.

திரும்பும்போது அவர் பேசியதுதான் எனக்குப் புதிது. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாத நாங்கள், இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்ததாலோ என்னவோ, சாத்தூர் கரிசலைக் கண்டதில் தொடங்கி, தாத்தா கிணறு வெட்டக் கடன் வாங்கியது, தண்ணீர் உப்பாக வந்தது, அந்தக் கடனுக்குப் பாட்டியின் கம்மல் போனது என்று மதுரை வரை பேசிக்கொண்டே வந்தோம். இவற்றில் ஒன்றையும் நான் முன்பு கேட்டதில்லை.

நீ அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. ஒரே சீராக நெடுநேரம் ஓட்டினால், கடந்துவந்த பத்து கிலோமீட்டர் நினைவிலேயே இல்லாத ஒரு மயக்கம் வருவதுண்டு. அது யோசனை அல்ல. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் போய்விடுகிறது. ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிழல் கண்ட இடத்தில் நிறுத்திக் கண்ணயர்கிறேன். இருட்டிய பின் ஓட்டுவதில்லை.

ஆடி முடியும் வரை அம்மா இங்கே இருக்கச் சம்மதித்திருக்கிறார். அதற்குள் நீ ஒருமுறை வந்து போனால் மகிழ்வார். உனக்கென்று கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் வாங்கி வைத்திருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்