என் ஆய்வுப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு

போன வாரம் என்னுடைய முழு ஆய்வு விவரத்தையும் ஒரே கோப்பாகத் தொகுத்துத் தரச் சொன்னார்கள். எந்தப் பேப்பர் எந்த வருடம் வந்தது, கூட எழுதியவர்கள் யார், நிதி எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் என்னிடம் முனைவர் பட்டம் முடித்தார்கள், இதுதான் கேட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். அப்புறம் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நடுவில் இரண்டு வருடம் எதுவுமே இல்லை. வெளியாள் யாராவது பார்த்தால், இவர் அப்போது சும்மா இருந்தார் போல என்று நினைத்துக்கொள்வார்கள். நான் என் வாழ்க்கையிலேயே அதிகமாகக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு வருடத்தில்தான், அதற்குக் காரணமானவர்களைச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுமதி கேட்காமல் பெயர் போட எனக்கு மனசு வரவில்லை, ஆனால் படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூரானுக்கு, அதாவது நரம்பு செல்லுக்கு, உட்கரு இருக்கும் உடல் ஓரிடத்தில், அதிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து போகிற டென்ட்ரைட்டுகள் எங்கேயோ. அந்தக் கிளைகளில் முள் முள்ளாகச் சின்னப் புடைப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஒன்றைக் கற்கும்போது அந்த முட்களில் இருக்கிற சினாப்ஸுகளில், அதாவது ஒரு நியூரான் இன்னொன்றோடு பேசுகிற இணைப்புகளில், சில பலப்படுகின்றன, அந்தப் பலம் நீண்ட நாள் நிலைக்கப் புதுப் புரதம் வேண்டும். ஆயிரக்கணக்கான முட்களில் வேண்டியதற்கு மட்டும் அது எப்படிப் போய்ச் சேருகிறது? 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, முட்களின் அடியிலேயே புரதம் தயாரிக்கிற ரைபோசோம்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன என்று காட்டினார்கள். அதாவது புரதம் தேவைப்படுகிற இடத்திலேயே தயாராகலாம். 1996இல் காங், ஷூமன் இருவரும் இன்னும் ஒரு படி போய், டென்ட்ரைட்டுகளை செல் உடலிலிருந்து வெட்டிப் பிரித்த பிறகும் சினாப்ஸ் பலப்படுகிறது, புரத உற்பத்தியைத் தடுத்தால் அது நடப்பதில்லை என்று காட்டினார்கள். நான் மாணவியாக இருந்தபோது என் வழிகாட்டி அந்தப் பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்றுவரை நான் செய்கிற எல்லாமே அங்கே ஆரம்பித்ததுதான். ஐயா, அந்த ஒரு பேப்பருக்கும், அதற்கப்புறம் பத்து வருடம் நான் கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கும் நன்றி.

அடுத்து அக்கா. செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொண்ட அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நியூரானை வளர்ப்பது கண்ணாடியிலிருந்து தொடங்குகிறது. வட்டமான சின்னச் சின்ன கவர்ஸ்லிப்புகளை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, திரும்பத் திரும்பத் தண்ணீரில் அலசி, சூடாக்கிக் கிருமி நீக்கி, மேலே பாலிலைசின் பூசினால்தான் செல் ஒட்டும். அலசுவதில் ஒரு தடவை குறைந்தாலும் அமிலம் மிச்சமிருக்கும். நியூரான் உடனே சாகாது, பத்து நாள் நன்றாக வளர்ந்து, நாம் நம்பிக்கை வைத்த பிறகு கிளைகள் மணிமணியாக உடைந்து போகும். முட்கள் முதிர்ந்த நியூரான் வேண்டுமென்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அந்த மூன்று வாரமும் வீண். அக்கா ஒவ்வொரு கண்ணாடியையும் இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து, சாய்த்துப் பார்த்து, ஒரு மங்கல் தெரிந்தால் தனியாக வைத்துவிடுவார். நான் அவசரப்பட்டபோதெல்லாம், "இன்னைக்கு நீங்க காத்திருக்கலாம், செல் காத்திருக்காது" என்பார். என் பட்டியலில் இருக்கிற பேப்பர்களில் வருகிற நியூரான் படங்களில் பாதிக்கு மேல் அக்கா அலசிய கண்ணாடியில் வளர்ந்தவை.

சரி, அந்த இரண்டு வருடத்துக்கு வருகிறேன்.

எஃப்எம்ஆர்பி என்ற புரதம் டென்ட்ரைட்டில் நடக்கிற இந்தத் தயாரிப்புக்குக் கடிவாளம் போடுகிறது. அதற்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, 1991இல் கண்டுபிடித்தார்கள். அதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்துவிட்டால் ஜீன் அடைந்துபோய்ப் புரதம் உருவாவதில்லை. அதுதான் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு. குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும், கற்பது சிரமம், சத்தமும் கூட்டமும் தாங்காது, பலருக்கு ஆட்டிசத்தின் கூறுகளும் இருக்கும். நாங்கள் எலி நியூரானைத் தூண்டிவிட்டு, எஃப்எம்ஆர்பி எங்கே போகிறது என்று, அதில் ஒட்டிக்கொண்டு அதைப் பச்சையாகக் காட்டுகிற ஆன்டிபாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூண்டியதும் பச்சைப் புள்ளிகள் முட்களுக்குள் நகர்வது போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கிற வெஸ்டர்ன் பிளாட்டிலும் சரியான இடத்தில் ஒரே பட்டை. பேப்பர் எழுதி முடித்து, படங்களுக்கு எழுத்து போடுகிற கட்டத்தில் இருந்தோம்.

அப்போது நீ எங்கள் லேப்பில் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, "மேடம், இந்தப் புரதமே இல்லாத சுண்டெலியில இதே ஆன்டிபாடியை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?" என்றாய். எங்களிடம் அந்த நாக்அவுட் சுண்டெலி, அதாவது அந்த ஜீனைச் செயலிழக்கச் செய்த சுண்டெலி, கிடையாது, இருந்தது எலி மட்டும். நீயே இன்னொரு ஆய்வகத்தில் கேட்டு மூளைச் சீவல் வாங்கி வந்தாய். இருட்டு அறையில் நாம் இரண்டு பேரும் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எதுவும் தெரியக் கூடாத இடத்தில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன, கொஞ்சம் மங்கலாக, ஆனால் இருந்தன. நீ ஸ்லைடை எடுத்து அதன் எண்ணைச் சரிபார்த்தாய். மறுபடி வைத்தாய். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

எஃப்எம்ஆர்பிக்கு எஃப்எக்ஸ்ஆர்1, எஃப்எக்ஸ்ஆர்2 என்று இரண்டு நெருங்கிய சொந்தங்கள் உண்டு. அமைப்பு நிறைய ஒன்றுபோல இருக்கும், முதலாவதன் சில வடிவங்கள் எடையிலும் கிட்டத்தட்ட அதேதான். நம் ஆன்டிபாடி அவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீ கேட்டாய். பேப்பரை நிறுத்தினோம், நாக்அவுட்டில் சுத்தமாக இருட்டாக வருகிற ஆன்டிபாடி கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம், பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. கடைசியில் வந்த பேப்பர் சிறியது, முதலில் எழுதியதில் பாதி விஷயம் அதில் இல்லை. ஆனால் அதற்கப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தபோதும் அதே விடைதான் வந்தது. முதல் பேப்பர் அப்படியே வெளிவந்திருந்தால் எத்தனை மாணவர்கள் அதை நம்பி வேலை ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. நீ அந்த வருடமே வேறு துறைக்குப் போய்விட்டாய், உன் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாகத்தான் வந்தது. அது போதாது, எனக்குத் தெரியும்.

புள்ளியியல் பார்த்துக் கொடுத்த நண்பருக்கு: 300 நியூரான் எண்ணியிருக்கிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, "எத்தனை தனித்தனி வளர்ப்பிலிருந்து?" என்று கேட்டீர்கள். மூன்று என்றேன். அப்படியானால் உங்களிடம் இருப்பது மூன்று, 300 இல்லை என்றீர்கள். ஒரே தட்டில் வளர்ந்த செல்கள் ஒன்றையொன்று சாராதவை என்று எண்ணிவிட முடியாது என்பதை அன்றைக்கு நீங்கள் தாளில் வரைந்து காட்டினீர்கள், அந்தத் தாள் இன்னும் எங்கள் லேப் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இதழுக்காக எங்கள் பேப்பரைப் படித்து மதிப்பிட்ட, யாரென்றே தெரியாத ஒரு ரிவியூவருக்கும் நன்றி. பியூரோமைசின் புதிதாக உருவாகிற புரதச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும், அதை வைத்துப் புதுப் புரதத்தை ஒளிர வைத்துக் காட்டியிருந்தோம். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: அனிசோமைசினால் உற்பத்தியை முன்பே நிறுத்திவிட்டால் அந்த ஒளி மறைகிறதா? நான்கு வாரம் கூடுதல் வேலை. மறைந்தது. அந்தப் படம்தான் இப்போது அந்தப் பேப்பரின் பலமே. பிளாஸ்மிட், அதாவது செல்லுக்குள் ஜீனை ஏற்றப் பயன்படுகிற டிஎன்ஏ வளையம், கேட்டதும் மறு வாரமே உறையில் அனுப்பியவர்களையும் மறக்கவில்லை, வடிதாளில் ஒரு சொட்டு டிஎன்ஏ காயவைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் பெயர் எழுதி. பைசா கேட்டதில்லை. நுண்ணோக்கிப் படங்களை அளக்கிற இமேஜ்ஜே, ஃபிஜி மென்பொருள்களை எழுதி இலவசமாகவே கொடுத்து வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவை இல்லாமல் என்னால் ஒரு முள்ளைக்கூட அளந்திருக்க முடியாது.

விலங்குக் கூடத்தில் இருந்த அண்ணன், விடுமுறை நாளில்கூடக் காலையில் வந்து ஒவ்வொரு கூண்டாகத் தண்ணீர் புட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். எலிகளைக் கையில் எடுக்கும்போது எப்படிப் பிடித்தால் அவை பயப்படாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்த எலிகளையும் இங்கே சொல்ல வேண்டும். அவற்றின் உயிரில்தான் இந்தப் பட்டியல் நிற்கிறது. ஒரு சோதனையை ஒழுங்காகத் திட்டமிடாமல் செய்தால் நான் கணக்குச் சொல்ல வேண்டியது முதலில் அவற்றுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள குழந்தைகளின் பெற்றோர்களே, உங்களுக்கு. குழந்தையைச் சமாதானப்படுத்தி ரத்தம் கொடுக்க வைத்தீர்கள், ஊசியைப் பார்த்ததும் அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தபோது கூடவே தரையில் உட்கார்ந்தீர்கள். ஒரு சந்திப்பில் ஒரு அம்மா என்னிடம், "சுண்டெலிக்குச் சரியாச்சுன்னு சொன்ன மருந்து என் பையனுக்கு ஏன் ஒண்ணும் பண்ணல?" என்று கேட்டார். எம்குளூஆர்5 என்ற ஏற்பியைத் தடுக்கிற மருந்துகள் சுண்டெலியில் நன்றாக வேலை செய்தன, மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஏன் என்பதற்குச் சில ஊகங்களை அன்று சொன்னேன். மருந்து தொடங்கிய வயது தாமதமாக இருக்கலாம், நாளாக ஆக உடல் மருந்துக்குப் பழகிவிடலாம், முன்னேற்றத்தை அளந்த விதமே சரியாக இல்லாமல் இருக்கலாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அப்போ இன்னும் தேடுறீங்கதானே?" என்றார்.

தேடுகிறோம் அம்மா. நீங்கள் கொடுத்த மாதிரிகளிலிருந்து வளர்த்த நியூரான்கள் இப்போது இன்குபேட்டரில் 19ஆவது நாளில் இருக்கின்றன. இந்தத் தடவை ஒப்பிட்டுச் சரிபார்க்கிற கட்டுப்பாட்டுச் சோதனைகளை முதலிலேயே முடித்துவிட்டோம். முடிவு எப்படி வந்தாலும், ஒன்றுமே இல்லை என்று வந்தாலும், இதழுக்கு அனுப்புகிற அன்றே உங்களுக்கும் புரிகிற தமிழில் எழுதி அனுப்புகிறேன்.