கம்பத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஹாம் ரேடியோ சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆன்டெனாக் கம்பம் நடுவதற்குத் ‘திருப்பணி’ என்று பெயர் வைத்தவர் நம் பொருளாளர். கேலியாகத்தான் வைத்தார். கோயில் வேலை மாதிரியே இழுத்ததில் பெயர் நிலைத்துவிட்டது. கான்கிரீட், எர்த்திங், கேபிள் எல்லாம் சொன்ன செலவில் முடிந்தன. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்பதெல்லாம் ஒன்றுதான். பொதுக்குழுவில் சொன்ன 48,000 ரூபாய் எப்படி 71,400 ஆனது? நாலு ஷேக்கிளுக்கும் (கயிற்றையும் கப்பியையும் கோக்கும் யூ வடிவ வளையம்) கப்பிக்குமா இவ்வளவு?

நாம் இருப்பது நாகைக் கடற்கரை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது பழைய கம்பம் சாய்ந்ததற்குக் காற்றைத்தான் திட்டினோம். உண்மையில் பளபளவென்று முலாம் பூசிய ஒரு டர்ன்பக்கிளின் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு) மரை துருவில் கரைந்து பென்சில் முனை அளவுக்கு வந்திருந்தது. முதலில் அறுந்தது அதுதான். ஆகவே இந்த முறை கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, டர்ன்பக்கிள், கிளாம்ப் எல்லாம் ஹாட் டிப் ஜிஐ, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு. பார்க்க மங்கலாக இருக்கும், துத்தநாகப் பூச்சு மின்முலாமைவிடப் பல மடங்கு தடிமன். அதோடு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) சாமானைக் கலந்தால் உப்பு ஈரத்தில் துத்தநாகம் வேகமாகத் தேயும். அதனால் உச்சியில் கயிறு ஓடும் இடத்துக்கு மட்டும் 316 கிரேடு எஸ்.எஸ். என்று முடிவு செய்தோம்.

தகராறு அங்கேதான். சாமான் கொடுத்தவர் (பெயர் வேண்டாம், ஊரில் முகம் பார்க்க வேண்டியவர்) “316தான் அண்ணே” என்று காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நாங்களும் தலையாட்டினோம். மூன்றே மாதத்தில் ஷேக்கிள்களில் டீக்கறை மாதிரி பழுப்பு, கப்பி அச்சு இறுகிச் சக்கரம் சுற்றவில்லை. பிறகுதான் விசாரித்தோம். 304க்கும் காந்தம் ஒட்டாது, மலிவான 202க்கும் ஒட்டாது. 316இல் கூடுதலாக இருப்பது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்புக்காற்றைத் தாங்க வைப்பது அது. பழைய இரும்புக் கடையில் சோதனைச் சொட்டு மருந்தும் பேட்டரியும் வைத்துப் பார்த்தார்கள். மாலிப்டினம் இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு போனால் அதில் வெறும் ‘எஸ்.எஸ்.’ என்றுதான் இருக்கிறது. கிரேடு எழுதச் சொல்லி வாங்காதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறோம். மூன்று முறை நடந்தோம், பணம் திரும்பவில்லை.

கழற்றும்போது இன்னொரு பாடம். கிரீஸ் இல்லாமல் முறுக்கிய எஸ்.எஸ். நட்டுகள் போல்ட்டோடு கடித்துக்கொண்டன, அறுத்தே எடுத்தோம். சாமானுக்கு 9,000 ஒதுக்கியது இப்படி இரண்டு முறை வாங்கியதில் 24,500 ஆனது. மறுபடி ஆள் ஏற்றிய கூலி 7,900. கூடுதல் 23,400க்கும் கணக்கு இதுதான். பில்கள் பொருளாளரிடம்.

கிளாம்பைத் திருப்பிப் போட்டிருப்பதாக எழுதிய உறுப்பினருக்கு நன்றி. சேணப் பகுதி பாரம் தாங்கும் கம்பியில், யூ வளைவு மடித்த கம்பியின் வெட்டுமுனையில் உட்கார வேண்டும். இரண்டு தப்பாகத்தான் இருந்தன, மாற்றிவிட்டோம். மலிவான பாலிபுரொப்பிலீன் கயிறு போதாதா என்றவருக்கு: வெயிலில் அது நார் நாராக உதிரும். பாலியெஸ்டர்தான் போட்டிருக்கிறோம்.

பெயர் போட வேண்டாம் என்று எல்லா நன்கொடையாளர்களும் சொன்னதால் அடையாளம் மட்டும்: புதுக் கப்பி இரண்டும் தந்த விசைப்படகுக்காரர், கயிறு தந்த ஓய்வுபெற்ற தபால்காரர், முட்டை வடிவ இன்சுலேட்டர் ஆறும் தந்த மின்வாரிய நண்பர், வெல்டிங்குக்குக் காசு வாங்காத பட்டறைக்காரர், நாலு நாள் சாப்பாடு போட்ட செயலாளர் வீட்டு அக்கா, சிங்கப்பூரிலிருந்து 5,000 அனுப்பிய பழைய உறுப்பினர்.

இனி ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், டர்ன்பக்கிளுக்குக் கிரீஸ், அது கழலாமல் கட்டிய பூட்டுக்கம்பி சரிபார்ப்பு, கயிற்றை இறக்கிக் கப்பிக்கு நல்ல தண்ணீர்க் குளியல். ஆள் வேண்டும். கணக்கைக் கேள்வி கேட்டவர்களில் இருவர் வந்தால் போதும்.

கழற்றிய ஷேக்கிள்கள் சங்க அறையில் கோணிப்பையில் கிடக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். காந்தமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு